அட்டை குடித்து முடிக்கும் வரை

அப்பாவும் சித்தப்பாவும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். அதற்கு நான் இருந்தேன்.

“ஏட்டி, உங்க சித்தப்பாவ இன்னும் கொஞ்சம் சோறு வாங்கிக்கிடச் சொல்லு” என்பார் அப்பா. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும் சித்தப்பாவுக்கு அது காதில் விழவே விழாது. நான் திரும்பி, “சித்தப்பா, சோறு வாங்கிக்கிடணுமாம்” என்று சொன்ன பிறகுதான் விழும். “போதும்னு சொல்லு” என்பார் அவர். அதை நான் இந்தப் பக்கம் திரும்பிச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உத்தியோகம் யார் கொடுப்பார்கள்? வீட்டில் எல்லாரும் இந்தச் சண்டை தீர வேண்டுமென்று காசி விசுவநாதரை வேண்டிக்கொண்டார்கள். நான் மட்டும் வேண்டவில்லை.

சண்டைக்குக் காரணம் அட்டை. அப்பாவுக்குத் தம்பியை வக்கீலாகப் பார்க்க ஆசை. தாத்தா போன பிறகு தோளில் தூக்கி வளர்த்த தம்பி. சித்தப்பாவோ சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, மதராஸிலே விலங்குகளைப் பற்றிப் படிக்கப் போய்விட்டார். அதிலாவது யானை, புலி என்று கௌரவமான பிராணியாகப் பார்த்துப் பிடித்தாரா என்றால் அதுவும் இல்லை. குற்றாலத்து மலையில் மழை நாளில் காலைப் பிடிக்கிற அட்டையைப் பிடித்துக்கொண்டார். “சிங்கத்தப் பத்திப் படிக்கான்னு சொன்னாலும் வெளிய தலை நிமிந்து நடக்கலாம்” என்று அப்பா புலம்புவார். கடைத்தெருவில் யாராவது, “தம்பி என்ன செய்யுதான், அண்ணாச்சி?” என்று விசாரித்தால், அண்ணாந்து பார்த்து, “மழ வரும் போலருக்கே” என்று நடையைக் கட்டிவிடுவார்.

ஆனி பிறந்து சாரல் விழுந்தால் மலையில் அட்டை கிளம்பும். அட்டை கிளம்பினால் சித்தப்பா வந்துவிடுவார். காலையில் குற்றாலத்துக்குப் போய், செண்பகாதேவி அருவிக்குப் போகிற பாதையில் ஈரச் சருகுகளுக்கு நடுவே நின்றுகொண்டே இருப்பாராம். மற்றவர்கள் அட்டைக்குப் பயந்து ஓடுகிற இடத்தில் இவர் காலை நீட்டிக் கொடுப்பார். சாயங்காலம் கண்ணாடிக் குப்பியோடு வீடு திரும்புவார். “உங்க சித்தப்பாவக் குப்பியக் கூடத்துல வைக்கப்பிடாதுன்னு சொல்லு” என்பார் அப்பா. எனக்கு வேலை தொடங்கிவிடும்.

அந்த வருஷம் தென்காசி வாசகசாலைக்காரர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. சாரல் சமயத்தில் குற்றாலத்துக்கு இத்தனை விஞ்ஞானிகள் வருகிறார்கள், மழையை அளக்கிறார்கள், செடியைப் பறிக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று ஊருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆளுக்குப் பத்து நிமிஷம் தமிழில் பேசச் சொன்னால் என்ன? நல்ல யோசனைதான். கேட்க யார் வருவார்கள் என்பதுதான் கேள்வி. அதற்கும் அவர்கள் வழி கண்டார்கள். முதலில் விஞ்ஞானம், முடிந்ததும் வில்லுப்பாட்டு என்று நோட்டீஸ் அடித்துவிட்டார்கள்.

சித்தப்பா அடுக்களை வாசலில் நின்று அம்மாவிடம் பேசிப் பழகினார். “இவ்வொட்டுண்ணியின் உமிழ்நீர் குருதி உறைதலைத் தடுக்கிறது” என்று கையை வீசிச் சொன்னார்.

அம்மா ஆட்டுரலில் இருந்து கையை எடுக்காமல், “அது சரி தம்பி, அட்டையப் பத்தி எப்ப பேசுவிய?” என்று கேட்டாள்.

சித்தப்பா சிரித்துவிட்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்துகொண்டார். “ஊரு கேக்காட்டியும் போட்டும் மதினி. அண்ணன் ஒருக்க வந்து உக்காந்து கேட்டுட்டாப் போதும். நான் என்னதான் செய்யுதேன்னு அவுகளுக்குத் தெரியணும். தெரிஞ்ச பெறகு திட்டட்டும்.”

அம்மா இதை அப்படியே அப்பாவிடம் சொன்னாள். என் உத்தியோகத்தில் அம்மா தலையிட்டது எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, “வில்லுப்பாட்டுக்கு வேணா வருவேன்” என்றார்.

பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாரும் வில்லுப்பாட்டுக்கு வந்தவர்கள். வில்லையும் குடத்தையும் பூசை போட்டு மேடையில் வைத்தாகிவிட்டது, இனி அசைக்க மாட்டோம் என்று பாட்டுக்காரர்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அதனால் விஞ்ஞானிகள் மேடையின் மறு மூலையில் ஒடுங்கி நின்றார்கள். நடுவில் மேஜை, மணி. பாளையங்கோட்டையிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் தலைவர். பத்து நிமிஷமானால் மணியடிப்பது அவர் பொறுப்பு. யாராவது கேள்வி கேட்பதென்றால் தலைவரிடம்தான் கேட்க வேண்டும், அவர் பேச்சாளரிடம் கேட்டுச் சொல்வார் என்று முதலிலேயே கண்டிப்பாக அறிவித்துவிட்டார்.

முதலில் ஒருவர் மழையைப் பற்றிப் பேசினார். ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று வருவதால்தான் தென்காசியில் சாரல் விழுகிறது என்றார். “இதச் சொல்லவா மெட்ராஸ்ல இருந்து வந்தீரு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அவர் படம் வரைந்து விளக்க ஆரம்பிக்கும்போது மணி அடித்துவிட்டது.

அடுத்தது சித்தப்பா. அப்பா எங்கே இருக்கிறார் என்று கண்ணால் தேடினார். முன் வரிசையிலேயே இருந்தார் அப்பா. கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மழைக்காலத்திலே…” என்றார் சித்தப்பா. அதற்கு மேல் வரவில்லை. நெற்றி வேர்த்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

வில்லுப்பாட்டில் பாடுகிறவர் ஓர் அடி சொல்லி நிறுத்தினால், குடம் அடிப்பவர் ‘ஆமா’ போட வேண்டும். எத்தனையோ கோயில் கொடையில் போட்டுப் போட்டு ஊறிப்போன வாய். சும்மா இருக்குமா?

“ஆமா!” என்றார் குடக்காரர், குடத்தில் ஒரு தட்டும் தட்டி.

கொட்டகை சிரித்தது. சித்தப்பாவும் சிரித்துவிட்டார். சிரித்ததில் ஒட்டுண்ணியும் குருதியும் எங்கோ போய்விட்டன.

“மழைக்காலத்துல குத்தாலம் போனா…”

“ஆமா, போனா?”

“காலச் சுரண்டாம, கடிச்சது தெரியாம ஒரு ஆளு ஏறுவாரு.”

“ஆமா, ஏறுவாரு! எம் மச்சினன் வேட்டிக்குள்ளயே ஏறுனாரு!”

பிறகு கேட்க வேண்டுமா? அட்டைக்கு வாயில் மூன்று தாடை, அதில் ரம்பம் மாதிரிப் பல், நம் மூச்சு பட்டாலே ஆள் வருகிறான் என்று எழுந்து நிற்கும், ஒரு தடவை வயிறு நிறையக் குடித்தால் மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் என்று சித்தப்பா சொல்லச் சொல்ல, குடக்காரர் ஆமா போட, ஊர் வாய் பிளந்து கேட்டது. உற்சாகத்தில் சித்தப்பா குப்பியைத் திறந்து, ஓர் அட்டையை எடுத்துத் தன் முழங்கையிலேயே விட்டுவிட்டார். அது முன்னும் பின்னும் குனிந்து அளந்து பார்த்துவிட்டு ஓரிடத்தில் வாயை வைத்தது.

தலைவர் மணி அடித்தார்.

“சாமி, மணியடிக்காதிய! அது குடிச்சு முடிக்கட்டும்!” என்றார் ஒருவர்.

“பந்தில உக்காந்தவன எழுப்புத மாதிரில்லா இருக்கு!” என்றார் இன்னொருவர்.

தலைவர் வில்லுப்பாட்டுக்காரரைப் பார்த்தார். “அட்டைக்குப் பெறகே நாங்க பாடுதோம்” என்று அவரும் கையை விரித்துவிட்டார். வேறு வழியில்லாமல், “அதுவரை யாராவது சந்தேகம் கேட்கலாம்” என்றார் தலைவர்.

அப்பா எழுந்தார். ஊருக்கே விஷயம் தெரியும். பின்வரிசைக்காரர்கள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“தலைவர் அவர்களே, அது கடிக்கும்போது வலிக்குமா என்று பேச்சாளரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.”

“வலிக்குமா என்று பெரியவர் கேட்கிறார்” என்றார் தலைவர்.

“வலிக்காதென்று சொல்லுங்கள்” என்றார் சித்தப்பா.

“வலிக்காதாம்” என்றார் தலைவர்.

எனக்குச் சுரீரென்றது. பாளையங்கோட்டையிலிருந்து வந்து என் வேலையைச் செய்துகொண்டிருக்கிறாரே இவர்!

“இப்படிக் கடி வாங்கினால் பிறகு காய்ச்சல் வருமா என்று கேட்கவும்.”

“எனக்கு இதுவரை வந்ததில்லை என்று சொல்லுங்கள்.”

“மலையில் தனியாகத்தான் நிற்பாரா, துணைக்கு ஆள் உண்டா?”

இந்தக் கேள்விக்கும் அட்டைக்கும் என்ன சம்பந்தம் என்று தலைவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஆனாலும் கேட்டுச் சொன்னார். தனியாகத்தான் என்று பதில் வந்தது. அதற்குள் நூல் மாதிரி இருந்த அட்டை திராட்சைப் பழம் மாதிரி உருண்டுவிட்டது. அப்பா தலைவரை விட்டுவிட்டு நேராக மேடையைப் பார்த்தார்.

“எலே, போதும்லே! பிச்சுப் போடுலே அத!”

“பிச்சா புண்ணாயிரும்ண்ணே. இந்தா, தானா விழுந்துரும்.”

சொல்லி வாய் மூடவில்லை, அட்டை பொத்தென்று விழுந்தது. விழுந்த இடத்திலிருந்து ரத்தம் கோடாக வழிந்தது. உறையாமல் சற்று நேரம் வழியும், அதுதான் அதன் எச்சிலின் விசேஷம் என்று சித்தப்பா விளக்கிக்கொண்டிருக்கும்போதே, அப்பா தோளில் கிடந்த துண்டை உருவிக்கொண்டு மேடை ஏறினார்.

மேடையில் ஒருவர் துண்டோடு ஏறினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். “இப்போது ஊர்ப் பெரியவர் நம் பேச்சாளருக்குத் துண்டு அணிவித்துக் கௌரவிக்கிறார்!” என்று தலைவர் ஒலிபெருக்கியில் முழங்கினார். கொட்டகை கைதட்டலில் அதிர்ந்தது. குடக்காரர் வேறு குடத்தில் தாளத்தை உருட்டினார். அப்பாவுக்கு முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. ஊர் கைதட்டக் கைதட்ட, தம்பியின் முழங்கையில் துண்டைச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டார். “கைக்குக் கட்டுதாகளே, இது எந்த ஊர் முறைவே?” என்று பின்னால் ஒருவர் கேட்டது எனக்குக் கேட்டது.

அன்று வில்லுப்பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். “ரசம் ஊத்திக்கோலே” என்றார் அப்பா. “ஊத்துங்கண்ணே” என்றார் சித்தப்பா. நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தேன். என்னை யாரும் ஒன்றும் சொல்லச் சொல்லவில்லை. அழுகையாக வந்தது. சோறு வேண்டாமென்று எழுந்து போய்விட்டேன். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவள் மேலும் கோபம்.

ஆனாலும் மறுநாள் வகுப்பில் எனக்குத்தான் மவுசு. மூன்று கேள்வி கேட்டது என் அப்பா ஒருவர்தானே. “எங்கப்பாவுக்கு அட்டைன்னா உசிரு” என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொன்னேன். ஒருத்தியும் மறுத்துப் பேசவில்லை. ஊரே பார்த்ததுதானே.