“யாரு வீட்டுப் பிள்ளை?”

தென்காசியில் கல்லூரியில் படிக்கும் என் மகள் மொபைலில் துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுவாள். எங்கள் சாதிப் பெயரிலேயே விளையாடும் ஒரு குரூப் அவளைக் கூப்பிட்டது. சேர்ப்பதற்கு முன் தெரு, அப்பா பெயர் எல்லாம் கேட்டார்கள். “நம்ம பயலுவதானே, சொல்லுட்டி” என்றது நான்தான்.

ஒருநாள் வேறு சாதியைச் சேர்ந்த இலத்தூர்த் தோழியையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டாள். உடனே மைக்கில் இருவரையும் காது கூசும்படி ஏசினார்கள். இவள் குரூப்பை விட்டு விலகினாள்.

“எங்க போயிருவ? உங்க வீடு எங்களுக்குத் தெரியும்லா” என்றான் ஒருவன். மறுநாளே எங்கள் வாசலில் பைக்குகள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றின.

போலீஸில் சொல்லியிருக்கிறோம். சாரல் காற்றுக்குக்கூட மகள் தெருப்பக்க ஜன்னலைத் திறப்பதில்லை. குற்றாலம் பஸ்ஸில் யாராவது பிரியமாக, “யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டால், இப்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தள்ளிப் போய் நிற்கிறேன்.