துவக்கில் வைத்த சந்தனப் பொட்டு

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் நாட்டைவிட்டு வந்து மல்வேர்னில், வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றான ஒரு ரவுன்ஹவுசில் இருந்தோம். இருபத்திரண்டு வயது மகள் குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்து, முறைப்படி லைசன்ஸ் எடுத்து, ஒரு கைத்துவக்கும் வாங்கியிருந்தாள். குண்டுகள் வீட்டில் இல்லை. துவக்கு பூட்டிய பெட்டியில், பெட்டி அவளுடைய அலுமாரியில். அப்படியிருந்தும் அந்த அறையைக் கூட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் ஒரு துவக்கின் நுனி என் அடையாள அட்டையைத் தட்டிய சத்தம் இன்னும் காதுக்குள் இருந்தது.

"உங்களுக்கு ஏலாதெண்டால் சொல்லுங்கோ அம்மா. நான் விட்டிடுறன்," என்றாள் ஒருநாள்.

சொன்னால் விட்டுவிடுவாள். கிளப்புக்குப் போய்வரும் நாட்களில்தான் அவள் வீட்டில் பாடுவாள். அதனால் விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விஜயதசமி காலை. கணவர் வேலைக்குப் போய்விட்டார். புத்தகங்கள், என் தையல் மெஷின், அவருடைய ட்ரில் எல்லாவற்றுக்கும் நான் பொட்டு வைத்துக்கொண்டிருந்தேன். குசினி மேசையில் மகள் துவக்கைத் திறந்து வைத்திருந்தாள். குறிபார்ப்பதற்குத் துவக்கின் பின்பக்கம் பூட்டும் சைட் ஒன்று புதிதாகத் தபாலில் வந்திருந்தது; அதைப் பூட்டப் போகிறாளாம். பின்னாலுள்ள அந்தச் சிறு பள்ளத்துக்குள் நுனியிலுள்ள கூர் நேராகத் தெரிந்தால்தான் குறி தப்பாது என்றாள்.

"வெறும் துவக்கு, குண்டில்லை. நீங்களே பாருங்கோ."

நான் வாசற்படியில் நின்றே பார்த்தேன். பழையது கழன்றுவிட்டது. புதியது இறுக்கம், அரைவாசியில் நின்றுவிட்டது.

"ஒருக்கால் பிடியுங்கோ அம்மா. எனக்கு ரெண்டு கைதானே."

கை துடைக்கும் துவாயால் சுற்றிப் பிடித்தேன். என் கை நடுங்க, துவக்கும் நடுங்கியது.

"அம்மா, அது பயப்பிடுது. இறுக்கிப் பிடியுங்கோ."

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்த நேரத்தில் பித்தளைக் கம்பியை வைத்து அவள் மூன்று தட்டுத் தட்டினாள். சைட் போய் இருந்துகொண்டது. அவள் துவக்கை முழுதாகப் பூட்டி மேசையில் வைத்தாள். ஒரு வேலை முடிந்த மகிழ்ச்சியில், விரலில் மிச்சமிருந்த சந்தனத்தை, தையல் மெஷினுக்கு வைத்ததுபோலவே, அதற்கும் வைத்துவிட்டேன். நுனியில், சரியாக அந்தக் கூரின்மேல்.

மகள் எடுத்துக் குறிபார்த்தாள்.

"அம்மா, எனக்கு இப்ப சாமியறைதான் தெரியுது."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். துடைத்துவிட்டுப் பிடியில் ஒரு பொட்டு வைக்கச் சொன்னாள். வைத்தேன். துவக்கை வெறுங்கையால் தொட்டதை அதற்குப் பிறகுதான் உணர்ந்தேன்.

சனிக்கிழமை அவள் சுடுவதைப் பார்க்க நானும் போனேன். கிளப் வாசலில் கணவர், "நீர் காருக்குள்ளயே இரும். நான் ரீ கொண்டுவந்து தாறன்," என்றார்.

"நீர் இரும்," என்றுவிட்டு இறங்கினேன்.

காது மூடியை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தேன். முதல் வெடிக்கு, நானே வாங்கிக்கொண்டு வந்திருந்த தேநீர் மடியில் ஊற்றுப்பட்டது. மூன்றாவதற்குக் கண்ணைத் திறந்தேன். ஐந்தாவதற்கு எண்ணத் தொடங்கியிருந்தேன்.

மகள் தாளோடு வந்தாள். ஓட்டைகள் எல்லாம் நெருக்கமாக, ஆனால் நடுவிலிருந்து இடப்பக்கம் தள்ளி.

"சைட்டை இன்னும் ஒரு மயிரிழை வலப்பக்கம் தட்டவேணும். நாளைக்கும் பிடிப்பியளோ?"

"ஓம், பிடிக்கிறன்," என்றேன். "முதல்ல உன்ர அறையைக் கூட்டவேணும். ஒரு வருசத்துத் தூசி கிடக்குது."