அத்தானின் சுரியானி

கடைசி நிலையமான வெஸ்ட்லியில் மெட்ரோவை நிறுத்திவிட்டுத் திரும்பப் புறப்படும்வரை கிடைக்கும் சில நிமிடங்களில் அத்தான் சட்டைப்பையிலிருந்து சிறிய அட்டைகளை எடுத்துப் பார்ப்பார். ஒவ்வொன்றிலும் கீழைத் திருச்சபைகளின் பழைய வழிபாட்டு மொழியான சுரியானியில், வலமிருந்து இடமாக ஓடும் ஒரு சொல். பின்புறம் தமிழில் அதன் பொருள். மேடையில் நின்று ஓட்டுநர் அறையின் கண்ணாடியூடாக அதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அத்தான் என் அக்காவின் கணவர். குருமடப் படிப்பைப் போர் இடையில் நிறுத்த, அகதியாக ஒஸ்லோவுக்கு வந்து ரயில் ஓட்டியவர். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பல்கலைக்கழகத்தில் திருச்சபை வரலாறு படிக்கச் சேர்ந்தார். இலங்கையில் கிறிஸ்தவம் என்றால் எல்லோரும் போர்த்துக்கேயரிலிருந்து தொடங்குவார்கள். அவர் தேடியது அதற்கு ஆயிரம் ஆண்டுகள் முந்திய ஒரு சபையை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகக் கிறிஸ்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். குருவானவர் பாரசீகத்திலிருந்து வருவார். வழிபாடு சுரியானியில் நடந்திருக்கும். ஒரு பயணி எழுதிவைத்த சில வரிகளும் அனுராதபுரத்தில் மண்ணுக்குள் அகப்பட்ட ஒரு கற்சிலுவையும்தான் சாட்சி. அதன்பிறகு அவர்களைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. "அவை எங்கை போச்சினம் எண்டு எனக்குத் தெரியவேணும்" என்பார் அத்தான்.

படிப்பின் மூன்றாம் ஆண்டில் அவருக்கு மூளையில் இரத்தக்குழாய் வெடித்தது. தமிழும் நோர்வேஜியமும் ஒன்றாகப் போயின. வலது கையும் போனது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரேயொரு ஒலித்தொடர் மட்டும் வாயில் வரத் தொடங்கியது. செபம்போல ஓர் இழுவை அதில் இருந்தது. அது சுரியானிதான் என்று அக்கா உறுதியாக நம்பினாள். நான் அதைத் தொலைபேசியில் பதிவுசெய்து, அவருக்கு அந்த மொழியைக் கற்பித்த பேராசிரியருக்கு அனுப்பினேன். அவர் ஓய்வுபெற்றுத் துரொண்ட்ஹெய்ம் நகரில் இருந்தார். அவருடைய இடத்துக்குப் பல்கலைக்கழகம் வேறு எவரையும் எடுத்திருக்கவில்லை.

பதில் மிக மென்மையாக இருந்தது. பலமுறை கேட்டுப் பார்த்தாராம். அது சுரியானி இல்லை, தனக்குத் தெரிந்த எந்த மொழியும் இல்லை என்று எழுதியிருந்தார்.

ஆஸ்பத்திரி நடைவழியில் அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னவாம்?"

"ஓம் அக்கா, செபந்தானாம்."

"என்ன கருத்தாம்?"

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. "ஆண்டவரே இரக்கமாயிரும் எண்டு."

அன்றே அக்கா அந்த ஒலிகளைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பாடமாக்கினாள். பின்னேரங்களில் கட்டிலருகே இருந்து அவரோடு சேர்ந்து சொல்லுவாள். அவள் தொடங்கியதும் அத்தான் நிறுத்திவிடுவார். தலையை மெல்ல இரு பக்கமும் அசைப்பார். கண் கலங்கும். தன் உச்சரிப்புத்தான் பிழை என்று நினைத்து அக்கா இன்னும் கவனமாக மறுபடி சொல்லுவாள். அவர் சொல்ல வந்தது என்னவென்று அந்த அறையில் எங்கள் இருவருக்கும் தெரியாது. அது எங்களுக்குத் தெரியாது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அக்காவைத் தடுக்கவில்லை.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் அத்தான் இறந்தார். பெட்டியருகே நின்று அக்கா அந்த ஒலிகளைச் சொன்னாள். வந்திருந்தவர்கள் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.

போன கிழமை அக்கா அழைத்தாள். கல்லறைக்குக் கல் வைக்கப் போகிறார்களாம். "அந்தச் செபத்தை அதின்ரை எழுத்திலேயே வெட்டுவிக்கவேணும். புரொபெசருக்கு எழுதிக் கேட்டுத் தா" என்றாள்.

எழுதிவிட்டதாகவும் பதில் இன்னும் வரவில்லை என்றும் சொல்லிவைத்திருக்கிறேன்.