அப்பாவின் மெயிலில் பூட்டிய லேப்டாப்

லக்ஷ்மிநாராயணனிடம் யாராவது மின்னஞ்சல் முகவரி கேட்டுவிட்டால் போதும், சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "எல் ஃபார் லண்டன், என் ஃபார் நைனிடால்" என்று ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாக இறங்கி, தன் நிறுவனத்தின் பெயரைத் தாண்டி, "ஜி, ஓ, வி, டாட் இன்" என்று முடிக்கும்போது குரல் சற்றுக் கனத்துவிடும். "அஃபீஷியல் மெயில். தப்பா எழுதிடாதீங்க" என்பார். எதிர்முனையில் இருப்பவன் பெரும்பாலும் பால் பாக்கெட் போடுகிறவனாகவோ, தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்தைப் பழுது பார்க்க வருகிறவனாகவோ இருப்பான்.

நாச்சாரத்தில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே துணைப் பொது மேலாளராக ஓய்வு பெற்றவர் அவர். ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டில் எது வாங்கினாலும் அது அவர் பெயரில், அந்த மெயிலில்தான் பதிவாகும். காஸ், மின்சாரம், திருப்பதி தரிசன டிக்கெட், மகளின் தேர்வு அனுமதிச் சீட்டு, மனைவி பகவதி கோலம் பார்க்கிற செயலி, எல்லாம். பகவதிக்கும் மகள் ஹம்ஸினிக்கும் சொந்தமாக மெயில் இருந்ததை அவர் ஒரு பொழுதுபோக்காகவே கருதினார். "ஜிமெயில்லாம் எவன் வேணா வெச்சுக்கலாம். கவர்மெண்ட் மெயில்னா அதுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கான்."

பின்னால் இருந்த அந்த ஆள் ஓய்வு பெற்ற பிறகு மெயில் என்னவாயிற்று என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஹம்ஸினியின் லேப்டாப்பை அவர் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் வாங்கினார்கள். கேம் விளையாடுகிறவர்களுக்கென்று செய்த கனமான இயந்திரம். விசைப்பலகைக்கு அடியில் சிவப்பும் நீலமுமாக விளக்கு ஓடும். லக்ஷ்மிநாராயணன் அதற்கு ரெக்கார்ட் டான்ஸ் என்று பெயர் வைத்தார். பெயர் வைத்துவிட்டு, நல்ல நேரம் பார்த்து, மூடியில் குங்குமம் இட்டு, கடைக்காரனிடம் தன் அஃபீஷியல் மெயிலைச் சொல்லி அதிலேயே விண்டோஸ் கணக்கையும் திறந்தார். குங்குமத்தில் கொஞ்சம் விசிறித் துளைக்குள் போயிற்று. இன்றைக்கும் விசிறி வேகமெடுத்தால் மேஜையில் லேசாகச் சிவப்பு படியும்.

ஹம்ஸினி எதற்கும் வாய் திறக்கிறவள் இல்லை. தினமும் நான்கு இலக்கப் பின் நம்பரைத் தட்டித் திறந்து தன் வேலையைப் பார்த்தாள். பகலில் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்களுக்குப் பதில் எழுதுவது. மிச்ச நேரத்தில் கேம் செய்வது. தார்நாகாவில் ஆள் ஏற்றிக்கொண்டு, பள்ளங்களையும் எருமைகளையும் கல்யாண ஊர்வலங்களையும் தாண்டி, சில்லறைக்குச் சண்டை போட்டு, ஏ.எஸ்.ராவ் நகரில் இறக்கிவிட வேண்டிய ஷேர் ஆட்டோ கேம். மாதாப்பூரில் கேம் தயாரிக்கும் ஒரு சின்ன கம்பெனி அதன் வீடியோவைப் பார்த்துவிட்டு அவளைக் கூப்பிட்டிருந்தது. புதன்கிழமை நேர்முகம். கேமை அங்கே ஓட்டிக் காட்ட வேண்டும், விண்டோஸிலும் லினக்ஸிலும். அது கிடைத்தால் புகார் எழுதும் வேலைக்கு முழுக்குப் போடலாம்.

இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னதுதான் அவள் செய்த ஒரே பிழை.

"லினக்ஸா?" என்று தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார் லக்ஷ்மிநாராயணன். "எங்க ஆபீஸ் முழுக்க லினக்ஸ் போட்டது யாருன்னு நினைச்சே?"

"அப்பா, நானே போட்டுப்பேன். ஞாயித்துக்கிழமை பண்ணலாம்னு இருக்கேன்."

"ரெண்டு சிஸ்டம் ஒரே மிஷின்ல வைக்கறது விளையாட்டு இல்லைடி. பார்ட்டிஷன்னு ஒண்ணு இருக்கு."

"தெரியும்ப்பா."

"என்ன தெரியும்? இருநூறு மிஷின் பண்ணியிருக்கேன்."

அவர் பண்ணியதெல்லாம் இருநூறு இயந்திரங்களுக்கான கோப்பில் கையெழுத்து. அது ஹம்ஸினிக்குத் தெரியும். ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை அவள் தார்நாகாவில் தோழி ஷர்மிளா வீட்டுக்குப் போயிருந்தாள். ராகு காலம் முடிகிற வரை காத்திருந்து, பிறகு லக்ஷ்மிநாராயணன் மகளின் அறைக்குள் போனார். அவள் திரும்பி வந்தபோது ரெக்கார்ட் டான்ஸ் நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் திரை முழுக்க நீலம். நடுவில் ஒரு கட்டம், நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது.

"என்ன பண்ணினீங்க?"

"ஒண்ணும் பண்ணலை. ஆன் பண்ணினேன், கேக்கறது."

"எதையாவது மாத்தினீங்களா?"

"ஒண்ணும் பண்ணலைங்கறேன்! மிஷினே மட்டம். லைட்டுக்குக் கொடுத்த காசை உள்ளே போட்டிருக்கணும் அவன்."

பகவதி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏன்னா, அதுல அவ இன்டர்வியூ சமாசாரம் இருக்கே."

"எல்லாம் உள்ளேதான் இருக்கு. எங்கேயும் ஓடிப் போகலை."

உள்ளேதான் இருந்தது. பூட்டின பெட்டிக்குள் இருக்கிற மாதிரி. தன் மேல் யாரோ கை வைத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் விண்டோஸ் இப்படித்தான் மொத்த ஹார்ட் டிஸ்க் வட்டையும் பூட்டிக்கொள்ளும். சாவியின் நகல் அந்த விண்டோஸ் கணக்குக்குள் நுழைந்தால் கிடைக்கும். ஹம்ஸினி தன் போனில் முயன்றாள். கணக்கைக் காட்டுவதற்கு முன்னால் அது ஒரு குறியீட்டை அனுப்பியது, லண்டனிலும் நைனிடாலிலும் தொடங்கும் அந்த முகவரிக்கு.

"அப்பா, மெயிலைத் திறங்கோ. கோட் வந்திருக்கும்."

லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சர்வர் மெயின்டனன்ஸ் நடக்கறது."

"எப்போலேர்ந்து?"

"கொஞ்ச நாளா."

ஓய்வு பெற்ற மறு மாதமே மெயிலை மூடிவிட்டார்கள். இத்தனை நாளாக அவர் ஊர் முழுக்க எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தது ஒரு செத்த முகவரி. ஹம்ஸினிக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்தாள். கேமின் நகல் ஒன்று பென் டிரைவில் இருந்தது.

இழுப்பறையில் பென் டிரைவைக் காணவில்லை. லேப்டாப்பின் பக்கவாட்டில் செருகியிருந்தது.

"இதுல லினக்ஸ் ஏத்தினேன்" என்றார் அப்பா. "ஃபார்மட் பண்ணித்தான் ஏத்த முடியும். ஏதோ ஆட்டோ படமா இருந்தது, அதான் அழிச்சேன்."

பகவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். ஹம்ஸினி பென் டிரைவைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். விண்டோஸ் தானாக இணையத்தில் சேமிக்கிற இடமும் அப்பாவின் கணக்குதான். அதில் இடமே இல்லாமல் அவருடைய பிரிவுபசார விழாப் புகைப்படங்கள் நிறைந்து வழிவதால் அவளுடைய கோப்பு ஒன்றுகூட ஏறியதில்லை. சந்தன மாலை போட்டுக்கொண்டு அவர் மைக்கைப் பிடித்திருக்கும் படம் மட்டும் பல கோணங்களில் பத்திரமாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அவர் நிபுணர் ஒருவரைக் கலந்தாலோசித்தார். விஸ்வநாத், முன்பு அவருக்குக் கீழே வேலை பார்த்தவர். அவரிடம் திட்டு வாங்கி வாங்கியே தமிழ் கற்றுக்கொண்ட தெலுங்குக்காரர். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்தில் எல்லாரும் கேட்கும்படி நடத்தினார்.

"விஸ்வநாத், நாம லினக்ஸ் போட்டோமே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். நீங்க சைன் பண்ணீங்க, நேனு ஃபார்வர்ட் பண்ணேன்."

"போட்டது யாரு?"

"காண்ட்ராக்ட்காரன் சார். அவன் பையன் ஒருத்தனை அனுப்பினான். நான் டீ சொன்னேன்."

"சரி சரி. அப்போ இந்த மாதிரி ப்ளூ ஸ்க்ரீன் வந்தா நாம என்ன பண்ணுவோம்?"

"லெட்டர் போடுவோம் சார்."

ஹம்ஸினி எழுந்து போய்விட்டாள். இருநூறு இயந்திரங்களின் கதை அவ்வளவுதான்: ஒருவர் கையெழுத்து, இன்னொருவர் டீ.

திங்கட்கிழமை லக்ஷ்மிநாராயணன் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை அணிந்து, பழைய அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நேரே ஐடி செக்ஷனுக்குப் போய் நின்னா பத்து நிமிஷம். மெயிலைத் திறந்து விட்டுடுவான். லேப்டாப்பை எடுத்துண்டு வா, அங்கேயே சாவியைப் போட்டுடலாம்." ஹம்ஸினி விடுப்பு எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் அவரை ஏற்றிப் போனாள். லேப்டாப் அவள் முதுகுப் பையில் கனத்தது.

நிறுவனத்தின் வாசலில் காவலுக்கு நின்றவன் புதியவன். அடையாள அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது ஓவர் ஆயிந்தி சார், டேட் முடிஞ்சு போச்சு. யாரைப் பார்க்கணும்?"

"நான் டி.ஜி.எம்."

"ஹவ் சார், சரிதான். அந்தர், உள்ளே யாரைப் பார்க்கணும்?"

லக்ஷ்மிநாராயணனுக்கு ஒரு பெயரும் நினைவுக்கு வரவில்லை. அவர் எப்போதும் மணியைத்தான் அடித்தார். வந்து நின்றவனின் பெயரைக் கேட்டதில்லை. கடைசியில் காவலன் இரக்கப்பட்டு ஐடி பிரிவுக்குப் போன் போட்டு ரிசீவரை ஜன்னல் வழியாக நீட்டினான். அவர் அதில் உரக்கப் பேசினார், அந்தக் காலத்து டிரங்க் கால் பேசுகிற மாதிரி.

"எஸ், லக்ஷ்மிநாராயணன். ஹலோ? என் மெயில்... இல்லை, ரிடயர்ட்... ஒரு சாவி வேணும். என்ன பண்ணினேனா? யூடியூப்ல சொன்னான்ப்பா, செக்யூர் பூட்னு ஒண்ணு இருக்கு, அதை ஆஃப் பண்ணினேன். வேற ஒண்ணும் தொடலை. அப்புறம்தான் கேக்கறது."

இரண்டு நாட்களாக மகளிடம் சொல்லாததை முன்பின் தெரியாத ஒருவனிடம் ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு சொன்னார்.

ஹம்ஸினிக்குக் காது சூடாயிற்று. ஒண்ணும் பண்ணலை! இயந்திரம் விழித்துக்கொள்ளும்போது வாசலில் காவல் பார்க்கிற ஏற்பாடு அந்தச் செக்யூர் பூட். அதை அணைத்துவிட்டார், அதனால் விண்டோஸ் திருடன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டது. அவ்வளவுதான் விஷயம். அணைத்ததைத் திரும்பப் போட்டால் அது பழைய ஆளை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். சனிக்கிழமையே இந்த ஒரு வாக்கியத்தை வாயால் சொல்லியிருந்தால் போதும்.

சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு டீக்கடை இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பை மடியில் வைத்தாள். இயக்கும்போதே எஃப் டூ விசையை அழுத்தி அமைப்புகளுக்குள் போனாள். செக்யூர் பூட் அணைந்திருந்தது. போட்டாள். சேமித்து வெளியே வந்தாள். விசிறி ஒரு மூச்சு விட்டது, துப்பட்டாவில் துளி குங்குமம் விழுந்தது. நீலத்திரை வரவில்லை. பின் நம்பர் கேட்டது. தட்டிக் கேமைத் திறந்தாள்.

ஆட்டோ அதே இடத்தில், தார்நாகா நிறுத்தத்தில், ஆள் ஏற்றத் தயாராக நின்றுகொண்டிருந்தது. அவள் முதலில் அதைத் தன் போனுக்கு நகல் எடுத்தாள். பிறகு வட்டின் பூட்டை நீக்கினாள். பிறகு கணக்குப் பக்கத்துக்குப் போய் அப்பாவை விலக்கிவிட்டுத் தன் மெயிலைப் போட்டாள். டீ ஆறிப்போயிருந்தது.

நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் அப்பா இன்னும் அதே ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். போன் எப்போதோ வைக்கப்பட்டிருந்தது. காவலன் ஒரு லாரிக்குக் கதவைத் திறந்துகொண்டிருந்தான். அவர் அடையாள அட்டையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், பிறகு உள்ளே ஏதோ பெரிய காரியத்தை முடித்துவிட்டு வருகிற நடையில் சாலையைக் கடந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார். "என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னான் பாவம். உடனே பண்றேன் சார்னான்."

அவர் பார்வை திரையில் விழுந்தது. முகம் மலர்ந்தது.

"பார்த்தியா! நான் வாசலுக்கு வர்றதுக்குள்ள திறந்து விட்டுட்டான்!"

ஹம்ஸினி அவரைப் பார்த்தாள். கேட்டைத் தாண்டி நீங்கள் ஒரு அடி வைக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார், வழியெல்லாம் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அதை விளக்குவார். அந்தச் சிரமத்துக்குக்கூட விஷயம் தகுதியானதில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"அப்படியே லினக்ஸையும் ஏத்திடறேன், கொண்டா" என்று கையை நீட்டினார்.

"நக்கோப்பா."

"என்னடி நக்கோ?"

"நீங்க தொட வேண்டாம். என் மிஷின், என் மெயில்ல இருக்கு." லேப்டாப்பை மூடிப் பையில் வைத்தாள். "ஏறுங்கோ."

அன்று மாலையே அவள் லினக்ஸை ஏற்றினாள். அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் ஏற்றினாள். அதன் பிறகு லேப்டாப்பைத் திறந்தால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது: உபுண்டு வேண்டுமா, விண்டோஸ் வேண்டுமா. புதன்கிழமை மாதாப்பூரில் ஆட்டோ இரண்டிலும் ஓடியது. நேர்முகம் செய்த பெண் சில்லறைச் சண்டையில் மூன்று தடவை தோற்று, நான்காவது தடவையும் விளையாட வேண்டும் என்றாள். வேலை கிடைத்தது.

வீட்டில் அந்தச் செய்தி வேறு உருவில் உலவியது. லக்ஷ்மிநாராயணன் ஒரு தடவை நேரில் போய் நின்றதும் நிறுவனமே அலறி அடித்துக்கொண்டு மெயிலைத் திறந்ததாம். இல்லாவிட்டால் பெண்ணுக்கு இந்த வேலை ஏது என்று மாடி வீட்டுக்காரரிடம் லிஃப்ட் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பகவதி கறிவேப்பிலை உருவியபடி மகளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நீதானே திறந்தே?"

"ஹவ்" என்று தலையாட்டினாள்.

"தெரியும். இவர் மிக்ஸி மூடியே திறக்கத் தெரியாதவர்." கறிவேப்பிலைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் போனை நீட்டினாள். "காஸ் புக்கிங், அந்தக் கோலம் பார்க்கறது, எல்லாத்தையும் என் மெயிலுக்கு மாத்திக் கொடு. அவர் கேட்டா சொல்லாதே. கேக்கவும் மாட்டார்."

கூடத்தில் போன் அடித்தது. தண்ணீர் இயந்திரக்காரன். சோபா கிறீச்சிட்டது, அப்பா நிமிர்ந்து உட்காருகிறார் என்று அர்த்தம். "எழுதிக்கோங்க" என்றது குரல். "எல் ஃபார் லண்டன்."

ஹம்ஸினி அம்மாவின் போனை வாங்கி முதலில் காஸைத் திறந்தாள்.