சாய்ந்து நிற்கும் எலும்பு

விருத்தாசலத்தில், பொம்மை வார்க்கும் ஒரு பீங்கான் பட்டறையில் உட்கார்ந்திருக்கிறேன். என் கல்லூரி மாணவர்களுக்காக இரண்டு எலும்பு மாதிரிகளைக் கொண்டுவந்து இங்கே அச்செடுக்கச் சொல்லியிருந்தேன். இரண்டுமே தொடை எலும்பின் கீழ்ப்பாதி, முட்டியோடு சேர்த்து. ஒன்று சிம்பன்சியுடையது. மற்றது முப்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த நம் ஆதிச் சொந்தக்காரர் ஒருவருடையது.

பாதி காய்ந்த வார்ப்புகளைப் பட்டறையில் வேலை செய்யும் செல்வி அக்கா கத்தியால் சுரண்டிச் சீராக்குகிறார். சூளைக்குப் போகுமுன் எந்தப் பொம்மையையும் கண்ணாடிப் பலகையில் நிறுத்திப் பார்ப்பது அவர் வழக்கம். எலும்புகளையும் முட்டி கீழே இருக்கும்படி, விரல் கொடுத்து நிறுத்துகிறார். சிம்பன்சியுடையது நேராக நிற்கிறது. மற்றது ஒரு பக்கமாகச் சாய்கிறது.

"அச்சு கோணலா வந்துட்டுது மேடம். அடியில கொஞ்சம் சீவுனா நேரா நிக்கும்."

பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

"ஐயோ, வேணாங்க்கா! அந்தச் சாய்வ வச்சுத்தான் இவரு ரெண்டு கால்ல நடந்தவருன்னே கண்டுபுடிச்சாங்க. தொடை உள்பக்கமா சாய்ஞ்சாத்தான் முட்டி உடம்புக்கு நேர் கீழ வரும்; நடக்க ஒரு கால தூக்கினாலும் உடம்பு சாயாது."

செல்வி அக்கா எழுந்து நிற்கிறார். புடவைக்கு மேலாகவே தன் இடுப்பிலிருந்து முட்டிவரை விரலால் கோடு இழுக்கிறார். விரல் உள்பக்கமாக வந்து நிற்கிறது.

"எனக்கும் கோணலாத்தான் இருக்குது மேடம்!"

கத்தியைக் கீழே வைக்கிறார். எலும்பை இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வெயிலில் கிடக்கும் பலகைக்கு நடக்கிறார். பத்தடிதான். முப்பது லட்சம் ஆண்டுகளாக நிற்காத அந்த நடையை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.