பின் கண்ணாடியில் ஒரு வரி

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஸ்டிக்கர் கடையில் வேலை செய்கிறேன். ஆட்டோக்காரர்கள் பின் கண்ணாடியில் ஒட்டும் வாசகங்களை யோசித்து வெட்டிக் கொடுப்பது என் பொறுப்பு. சிங்களத்துக்கு முதலாளி, தமிழுக்கு நான். 'முந்திப் போறவனைப் பார்த்துப் பொறாமைப்படாதே, அவன் பிரேக்கும் பழசுதான்' என்பது நான் எழுதியது. எஹலியகொட வரைக்கும் ஓடுகிறது. பெரும்பாலும் மனுஷன் தன்னிடம் இல்லாததைத்தான் கண்ணாடியில் ஒட்டக் கேட்பான். 'அம்மாவின் ஆசி' கேட்டு வந்த எத்தனையோ பேரின் அம்மா தேயிலைத் தோட்டத்து லய அறையில் தனியாகக் கிடக்கிறாள்.

போன வருஷம் ஒருவன் நம்பிக்கையைப் பற்றி ஒரு வரி வேண்டும் என்று வந்தான். என் தங்கைக்கு நிச்சயம் செய்திருந்தவன் அவன்.

மாதா கோயிலில் பாதர் கல்யாண அறிவிப்பை வாசித்து, வெள்ளைச் சேலையும் எடுத்த பிறகு, தனக்கு இது சரிவராது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியவன். லயத்துப் பெண் வேண்டாம் என்று வீட்டில் சொன்னார்களாம். அவன் பிறந்ததும் லயத்தில்தான். அப்பா டவுன் பக்கம் வீடு கட்டியதும் அது மறந்துபோயிற்று. மலையில் கொழுந்து பறிக்கும்போது ஆளாளுக்கு விசாரித்ததில் எங்கள் அம்மா வாயே திறக்காமல் ஆகிவிட்டாள். தங்கை அந்தச் சேலையை யாருக்கோ கொடுத்துவிட்டு, கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாள்.

அவன் சிரித்துக்கொண்டே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"பழசையெல்லாம் மனசுல வச்சிக்காதீங்க அக்கா."

அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால், கேட்டதை வெட்டிக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

தோட்டத்துச் சனம் தன் ஆட்டோவைத் தேடி ஏற வேண்டும், அதனால் தமிழில் வேண்டும் என்றான். அவன் படித்தது சிங்களப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவான், ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது. நிச்சயமான நாட்களில் தங்கை அவனுக்கு ஆங்கில எழுத்தில்தான் செய்தி அனுப்புவாள். நான் கணினியில் தட்டிவிட்டு வாசித்துக் காட்டினேன்: "நம்பி ஏறுங்க, வீடு வரைக்கும் கொண்டு விடுறேன்."

அவனுக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சளில் வெட்டச் சொன்னான். திரையில் இருந்தது வேறு: 'நம்பி ஏறுங்க, பாதி வழியில இறக்கிவிடுறேன்.'

ஒரு குமிழி இல்லாமல் நானே ஒட்டினேன்.

தோட்டம் முழுக்க வாசித்தது. ஒருவரும் அவனிடம் சொல்லவில்லை. என் தங்கைக்கு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சம்பளத்தன்று டவுனுக்குப் போகிற பெண்கள் அவன் ஆட்டோவின் பின்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த ஆட்டோவில் ஏறினார்கள். தன் அழகுக்காக எடுக்கிறார்கள் என்று அவன் நினைத்திருப்பான். எனக்கும் அந்தப் படம் வந்தது. சில இரவு அதைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன்.

இதற்கிடையில் அவன் கொடகவெலப் பக்கம் கல்யாணம் செய்தான். அந்தப் பெண் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். புகுந்த வீட்டுக்கு வந்த மறுநாள் வாசலில் நின்ற ஆட்டோவை வாசித்துவிட்டு, யாரை இறக்கிவிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். முதல் நிச்சயத்தை அவன் மறைத்திருந்தான். அன்றைக்கே எல்லாம் வெளியே வந்துவிட்டது.

நேரே கடைக்கு வந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். குரலே எழும்பவில்லை.

"ஏன் அக்கா இப்படி பண்ணுனீங்க? அவ என்கூட பேசவே மாட்டேங்கிறா."

"எங்க வீட்டுலயும் ஒருத்தி பேசாமத்தான் இருந்தா தம்பி. அப்ப நீங்க வந்து கேக்கலையே."

கழற்றித் தரச் சொன்னான். ஒட்டுவது மட்டும்தான் என் வேலை என்றேன். முதலாளி என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கணினிப் பக்கம் திரும்பினார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்க்க, அவன் உச்சி வெயிலில் பிளேடால் சுரண்டினான். நான் வாசலில் நின்று, கடைசி எழுத்து போகும்வரை பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை. இன்றைக்கும் இல்லை.

சாயங்காலம் தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவன் கட்டின பிள்ளைக்கு நல்லா தமிழ் வாசிக்கத் தெரியுமா?" என்றாள்.

தெரியும் என்றேன்.

"நல்லதுக்கா. வாசிச்ச உடனே நேரா கேட்டுட்டா. எங்கிட்ட இல்லாத வாய் அவளுக்கு இருக்கு," என்றாள்.