மிரியம் கேட்ட கேள்வி

சுவிஸ் நகரமான லுசேர்னில் படித்தபோது மாணவர் சஞ்சிகைக்கு நான் ஆசிரியராக இருந்தேன். பல்கலைக்கழக யூத மாணவர்களின் எழுத்து வட்டத்திலிருந்து மிரியம் தன் முதல் கட்டுரையைக் கொண்டுவந்தாள். கழுத்துச் சங்கிலியில் யூதர்களின் அடையாளமான நட்சத்திரம் அணிந்திருந்ததற்காக ரயிலில் ஒருவர் தன்னைத் திட்டியதை எழுதியிருந்தாள்.

“உனக்கு ஆபத்து வரக்கூடாது. புனைபெயரில போடுவமோ?” என்றேன்.

அவள் முகம் வாடியது. “சொந்தப் பேரில எழுதத்தான் எங்கட வட்டத்தில ஒரு வருஷமாய்ப் பழகினனான். பயம் எனக்கோ, உனக்கோ?”

எனக்குத்தான். சஞ்சிகைக்கு வசவு வருமென்று பயந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டு, அவளுடைய முழுப்பெயரோடு வெளியிட்டேன்.

அடுத்த கிழமை வட்டத்துக்கு என்னையும் அழைத்தாள். அகதியாக வந்த என் அப்பா ஹோட்டல் சமையலறையில் பட்ட அவமானத்தை எழுதி, அங்கேதான் முதன்முதலில் வாசித்தேன். யாரும் அவசரப்படாமல் கேட்டார்கள். முகத்துக்கு நேரே அன்று கேட்டவளுக்கு இன்றும் நன்றியோடிருக்கிறேன்.